காளத்திச் சீலையும் நீலக் குதிரையும்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சித்திரச் சீலை இருக்கிறது. என் தாயார் பல ஆண்டுகளுக்கு முன் காளஹஸ்திக்கு யாத்திரை சென்றபோது வாங்கிவந்தது அது. நான் மியூனிக் நகருக்குக் குடிபெயரப் புறப்பட்ட அன்று, பெட்டியில் மேலாக அதை மடித்து வைத்து, "போகிற ஊரில் கோயில் இருக்குமோ இருக்காதோ, இது உன்னோடு இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார். இங்கு வந்தபின் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். வருகிற விருந்தினரெல்லாம், "அழகாக இருக்கிறதே!" என்பார்கள். நானும் மகிழ்ச்சியோடு தலையசைப்பேன். அதற்குமேல் அச்சீலையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஒருவரும் கேளாமையால் நானும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், சொல்லுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கேள்வி கடைசியில் என் மகளிடமிருந்து வந்தது. அவளுக்கு அப்பொழுது பத்து வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இந்நகரத்து லென்பாக் மாளிகை ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். மாலையில் திரும்பிவந்தவள் புத்தகப் பையைக் கூட இறக்கிவைக்காமல், "அப்பா, இன்றைக்கு நீலக் குதிரையைப் பார்த்தேன். குதிரை ஏன் நீலமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே என் கையைப் பிடித்து அழைத்துப்போய், அந்த ஓவியத்தின் முன் நிறுத்திப் பாடம் சொன்னாள்.

ஃபிரான்ஸ் மார்க் என்ற ஜெர்மானிய ஓவியர் 1911-ஆம் ஆண்டில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம் அது. இளங்குதிரை ஒன்று நம்மை நோக்கி நிற்கிறது. தலை சற்றே சாய்ந்து தாழ்ந்திருக்கிறது. உடல் முழுவதும் நீலம். பின்னால் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் குன்றுகள். உலகத்தில் நீலக் குதிரை ஏது? உலகத்தில் இல்லை, ஓவியர் உள்ளத்தில் இருந்தது. கண் கண்டதை அப்படியே எழுதுவதை விட்டு, உள்ளம் உணர்ந்ததை வண்ணத்தாலும் கோட்டாலும் புறத்தே கொணரும் இந்த நெறிக்கு ஐரோப்பாவில் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர். நம் தொல்காப்பியர், உள்ளத்து உணர்ச்சி உடம்பின்மேல் தோன்றுவதை மெய்ப்பாடு என்றார். அவை எட்டு என்றும் வகுத்தார். ஆகவே இந்நெறி ஓவியத்தை மெய்ப்பாட்டு ஓவியம் என்றே சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

மார்க் தம் வண்ணங்களுக்குப் பொருள் வகுத்திருந்தார். 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆகஸ்ட் மாக்கே என்னும் ஓவிய நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதை விளக்கியிருக்கிறார். நீலம் ஆண்மைத் தத்துவம். கடுமையும் ஆன்மிகமும் உடையது. மஞ்சள் பெண்மைத் தத்துவம். மென்மையும் மகிழ்ச்சியும் உடையது. சிவப்பு பருப்பொருள், முரடும் கனமும் உடையது, மற்ற இரண்டும் எதிர்த்து வெல்லவேண்டிய வண்ணம். இந்தத் திறவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால், செங்குன்றுகளின் நடுவே தலை தாழ்த்தி நிற்கும் அந்த நீலக் குதிரை வெறும் குதிரையாகத் தோன்றுவதில்லை. முரட்டு உலகத்தின் நடுவே தனித்து நின்று தன்னுள்ளே நோக்கும் ஓர் உயிராகத் தோன்றுகிறது.

வீட்டுக்குத் திரும்பினோம். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் நம் காளத்திச் சீலை. அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்த என் மகள், "அப்பா, இதில் இருப்பவர் உடம்பு ஏன் சிவப்பு? கல்லுக்குள்ளிருந்து வரும் கை ஏன் நீலம்? இந்த அம்மா ஏன் மஞ்சள்?" என்று கேட்டாள்.

"அவர் கண்ணப்பர். கண்ணில் இரத்தம் வருகிறது, அதனால் சிவப்பு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "கண்ணில்தானே இரத்தம்? உடம்பு முழுவதும் ஏன்?" என்றாள். ஜெர்மானியர் ஒருவரின் குதிரைக்கு விளக்கம் சொல்ல அவளுக்கு ஆசிரியர் இருந்தார். தன் பாட்டியின் சீலைக்கு விளக்கம் சொல்லத் தகப்பன் இருந்தும் பயனில்லை. என் தாயார் அப்பொழுது உயிரோடு இல்லை. அவர் இருந்த காலத்தில் ஒருமுறையேனும் இதைக் கேட்டேனா என்று எண்ணிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அந்த வெட்கமே என்னைக் காளஹஸ்திக்கு இழுத்துச் சென்றது என்று சொல்ல வேண்டும்.

விடுமுறைக்குத் தாயகம் சென்றபோது, ஒரு நாள் விடியற்காலையில் மகளுடன் சென்னையிலிருந்து புறப்பட்டேன். நம் முன்னோர் திருக்காளத்தி என்று போற்றிய இவ்வூர், திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தனியே அமைந்தபின் அதனைச் சேர்ந்தது. ஆந்திரநாட்டு ஊராயினும் தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலம். தேவார மூவரும் பாடிய பெருமை உடையது. ஊரில் தெலுங்கும் தமிழும் ஒன்றோடொன்று கலந்து காதில் விழுகின்றன. ஒருபுறம் பொன்முகலி என்னும் சுவர்ணமுகி ஆறு, மறுபுறம் குன்றுகள், நடுவே கோயில்.

கிருஷ்ணதேவராயர் 1516-இல் எடுத்த இராஜகோபுரம் இவ்வூரின் அடையாளமாக ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் நின்றது. 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் இரவு அது சரிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் கட்டி 2017-இல் குடமுழுக்குச் செய்தார்கள். பழைய கோபுரத்தைப் பார்த்த என் தாயாரின் கண்களை நினைத்துக்கொண்டே புதிய கோபுரத்தின் அருகே நடந்தேன்.

ஐம்பூதத் தலங்களுள் இது காற்றின் தலம். கருவறையில் எரியும் விளக்குகளுள் ஒன்றின் சுடர் அசைந்துகொண்டே இருப்பதைக் காட்டுவார்கள். காற்றின் வடிவம் கண்ணுக்குத் தெரியாது, அதன் அசைவே தெரியும் என்பது கருத்து. இறைவனுக்குக் காளத்திநாதர் என்று பெயர், அம்பிகைக்கு ஞானப்பூங்கோதை. சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்ட வரலாறு ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது: சீ என்பது சிலந்தி, காளம் பாம்பு, அத்தி யானை. இராகு கேது வழிபாட்டுக்காக வரும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. அக்கூட்டத்தின் நடுவிலும் தமிழன் கண் தேடுவது கண்ணப்பரையே. கோயிலினுள் அவர் திருவுருவம் இருக்கிறது. கோயிலை ஒட்டிய குன்றின்மேல் அவருக்கெனத் தனிக்கோயிலும் உண்டு.

கண்ணப்பர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த கதைதான். பிள்ளைகளுக்காக இங்கே சுருக்கிச் சொல்லுகிறேன். உடுப்பூர் வேடர் தலைவன் மகன் திண்ணன். வேட்டைக்கு வந்தவன் மலைமேல் குடுமித்தேவரைக் கண்டு அன்பால் தன்னை மறந்தான். வாயில் நீரும், தலைமயிரில் பூவும், கையில் தான் சுவைத்துத் தேர்ந்த இறைச்சியும் கொண்டுவந்து படைத்தான். நாள்தோறும் முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் என்னும் அந்தணர், அங்கே எலும்பும் இறைச்சியும் சிதறிக் கிடப்பதைக் கண்டு, இது யார் செய்த அநாசாரம் என்று நெஞ்சு நொந்தார். இறைவன் அவர் கனவில் தோன்றி, நாளை மறைந்திருந்து பார் என்றான். ஆறாம் நாள் அவர் மறைந்திருந்தார். இறைவன் கண்ணில் குருதி பெருகியது. திண்ணனார் தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினார், குருதி நின்றது. மற்றொரு கண்ணிலும் குருதி பெருகவே, இடம் தெரிவதற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, இரண்டாம் கண்ணையும் அகழ முனைந்தார். அப்பொழுது இறைவன் திருக்கையே வெளிப்பட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

இக்கதையைக் கோயில் வாயிலில் உட்கார்ந்து என் மகளுக்குச் சொன்னபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. இறைச்சி மாறவில்லை, எச்சில் நீர் மாறவில்லை, செருப்புக் கால் மாறவில்லை. முதல் நாள் அவற்றில் அநாசாரத்தைக் கண்ட அதே சிவகோசரியார், ஆறாம் நாள் அவற்றில் அன்பைக் கண்டார். காட்சி ஒன்றே, பார்க்கத் தெரிந்தபின் பொருள் வேறாயிற்று. ஓவியம் பார்க்கும் கலைக்கு இதைவிட நல்ல கதை வேறு எங்கே இருக்கிறது?

நிற்க. கோயிலை விட்டுச் சித்திரக்காரர்கள் வாழும் தெருவுக்கு வந்தோம். கலம்காரி என்று உலகமெல்லாம் அறிந்த தொழில் இது. கலம் என்பது எழுதுகோல். மசூலிப்பட்டினத்துக் கலம்காரியில் மர அச்சுக்களால் ஒற்றுவார்கள்; காளஹஸ்தியில் கையாலேயே எழுதுவார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் துணியை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், "உட்காருங்கள் ஐயா. பாப்பா, நீ என் பக்கத்தில் வா" என்று தெலுங்கு வாடை கலந்த தமிழில் அழைத்து, எழுதுவதை நிறுத்தாமலே பேசத் தொடங்கினார்.

அவர் கையிலிருந்த கலம், கூராகச் சீவிய மூங்கிற்குச்சி. நடுவில் கம்பளித் துணியை உருண்டையாகச் சுற்றி நூலால் இறுகக் கட்டியிருந்தார். சாயம் அந்தக் கம்பளியில் தங்கும். விரலால் மெல்ல அழுத்தினால் நுனிக்கு இறங்கும். துணி வெளுக்காத பருத்தித் துணி. கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்த நீரில் அதை நனைத்து உலர்த்துகிறார்கள். பாலில் உள்ள கொழுப்பு சாயத்தைப் பரவவொட்டாமல் தடுக்கும். புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் முதலில் உருவத்தைக் கோலுகிறார்கள். பின்பு கருங்கோடு. துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்த சாறு அதற்கு வேண்டும். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டவுடன் கறுக்கிறது.

அடுத்து அவர் செய்தது என் மகளைத் திகைக்கவைத்தது. ஒரு கிண்ணத்திலிருந்த தெளிந்த நீரைத் தொட்டு, உருவத்தின் உடலில் கவனமாகப் பூசினார். பூசிய இடத்தில் நிறமே தெரியவில்லை. "தாத்தா, ஒன்றும் தெரியவில்லையே!" என்றாள்.

"இது படிகாரத் தண்ணீர், பாப்பா. இப்போது தெரியாது. நாளைக்கு நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மஞ்சிட்டியும் சாயவேரும் போட்ட கொப்பரையில் இந்தத் துணியைக் கொதிக்கவைப்பேன். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். படாத இடத்தில் சாயம் நிற்காது, அலசினால் போய்விடும்" என்றார் அவர்.

பிறகு சாணநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தி வெளுப்பார்கள். மீண்டும் பாலில் நனைப்பார்கள். கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சள் எழுதுவார்கள். அவுரியிலிருந்து நீலம் எழுதுவார்கள். மஞ்சளின்மேல் நீலம் ஏறினால் பச்சை. ஒவ்வொரு கட்டத்திலும் அலசுவதற்கு நீர் வேண்டும். பொன்முகலி ஆற்றங்கரையில் இத்தொழில் வேரூன்றியதற்கு அந்த ஆற்றுநீரும் ஒரு காரணம். ஆறு வற்றிக் கிடக்கும் நாள்களில் வேறு நீர் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னபோது, தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்தது.

என் மகள் தன் கேள்வியைக் கேட்டாள். முதியவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். தெய்வங்களுக்கு நீலம், பெண்களுக்கும் பொன்னணிகளுக்கும் மஞ்சள், அரக்கருக்கும் முரடருக்கும் சிவப்பு, சிலவேளை பச்சை, பின்புலத்துக்குப் பெரும்பாலும் சிவப்பு. இதுவே தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீலம், மஞ்சள், சிவப்பு! மியூனிக் நகரத்து ஓவியர் தம் நண்பருக்கு எழுதிய கடிதமும், காளஹஸ்தித் திண்ணையில் வாய்வழி வரும் மரபும் இவ்வளவு நெருங்கி நிற்குமென்று யார் எண்ணியிருப்பார்கள்? ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று நான் சொல்ல வரவில்லை. வானத்தின் நிறமும் தீயின் நிறமும் வெயிலின் நிறமும் எல்லா நாட்டு மனிதர்க்கும் பொதுவாயிற்றே!

ஆயினும் இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. மார்க் வகுத்த பொருள் அவர் ஒருவர் உள்ளத்தில் பிறந்தது. அவருடைய துயரமும் ஏக்கமுமே குதிரையின் மெய்ப்பாடாக நிற்கின்றன. காளஹஸ்தி ஓவியரோ தம்மைப் படத்தில் காட்டுவதில்லை. அவர் கொண்ட வண்ணப்பொருள் ஊருக்கெல்லாம் பொதுவானது. ஊர் ஊராகத் துணிச்சித்திரங்களை எடுத்துச் சென்று, விரித்துக் கட்டி, கோலால் சுட்டிக் காட்டிப் பாடிக் கதைசொன்ன கலைஞர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். எழுத்தறியாதவரும் நீலத்தைக் கண்டு கைகூப்பினர். சிவப்பைக் கண்டு அஞ்சினர். அங்கே உணர்ச்சி ஓவியரிடமிருந்து புறப்படுகிறது. இங்கே பார்ப்பவரிடத்தில் எழுப்பப்படுகிறது.

பார்ப்பவர் உள்ளத்தில் ஓவியம் எதை எழுப்பும் என்பதைச் சங்ககாலத்து நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டியிருக்கிறார். அரசன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அரசி அணிகளைக் களைந்து கட்டிலில் கிடக்கிறாள். மேலே மெழுகு பூசிய விதானத் துணியில் வான்வீதி எழுதப்பட்டிருக்கிறது: மேடம் முதலாகக் கதிரவன் செல்லும் இராசிகள், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணி. அதை நோக்கிய அரசி, தான் அப்படி இல்லையே என்று எண்ணிப் பெருமூச்சு விடுகிறாள். கண்ணில் நீர் துளிக்கிறது. ஓவியர் எழுதியது விண்மீன். அரசி அதில் கண்டதோ தன் பிரிவு. திருக்காளத்தியைக் கயிலையோடு இணைத்து அந்தாதி பாடிய நக்கீரர் ஒருவரும் உண்டு. இருவரும் வேறு வேறு என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆயினும் காளத்தியில் இருந்துகொண்டு துணிச்சித்திரத்தைப் பற்றிப் பேசும்போது அப்பெயர் நாவில் வருவது இயல்புதானே!

என் கைப்பேசியில் வீட்டுச் சீலையின் புகைப்படம் இருந்தது. அதை முதியவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மேல்வரிசையில் சிலந்தி, பாம்பு, யானை. ஒரு பக்கத்தில் அம்பிகை. நடுவே இலிங்கத்தின்மேல் ஒரு காலை ஊன்றி, கண்ணருகில் அம்பைப் பிடித்து நிற்கும் கண்ணப்பர். இலிங்கத்திலிருந்து நீண்டு அவர் மணிக்கட்டைப் பற்றியிருக்கும் நீலக் கை.

"அம்பிகை வெளுத்துப் போயிருக்கிறாள். வெயில் படுகிற சுவரா?" என்று கேட்டார்.

"ஆமாம், சன்னலுக்கு எதிர்ச் சுவர்" என்றேன்.

"மஞ்சள்தான் முதலில் போகும். வெயிலில் மாட்டாதீர்கள் ஐயா." இப்படிச் சொல்லிவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, சிவப்பென்றால் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. கண்ணப்பர் உடம்பைப் பார், பின்னாலிருக்கிற தரையும் அதே சிவப்பு. அவர் காட்டிலேயே பிறந்து காட்டிலேயே வளர்ந்தவர். அதனால் காடும் அவரும் ஒரே கொப்பரையில் தோய்ந்த மாதிரி. இந்தச் சிவப்புக்குள்ளே வெள்ளையாக இருப்பது எது, சொல்லு பார்ப்போம்?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்!" என்றாள்.

"ஆமாம். கண்ணுக்கு நாங்கள் சாயம் போடமாட்டோம். துணியின் வெள்ளைதான் கண். எல்லாச் சாயமும் ஏறின பிறகும் சாயம் ஏறாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். அதைத்தான் அவர் சாமிக்குக் கொடுத்தார்."

நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். முதியவர் மீண்டும் படத்தைப் பார்த்து, வலப்பக்க ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே ஒரு மரத்தின் பாதி தெரிந்தது. "துணி இங்கே முடியாது, ஐயா. பாதி மரத்தோடு யாரும் எழுதமாட்டார்கள். சட்டம் போட்டவர் மடித்துவிட்டிருக்கிறார். இந்த மரத்துக்குப் பின்னால் ஒருவர் இருக்கவேண்டும். ஊருக்குப் போனதும் பிரித்துப் பாருங்கள்" என்றார்.

விடைபெறும்போது அவர் எங்களுக்கு இத்தொழிலின் அண்மைக்கால வரலாற்றையும் சொன்னார். ஆலைத் துணி பெருகியபின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இக்கலை நலிந்தது. எழுதுவோர் மிகச் சிலரே எஞ்சினர். விடுதலைக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்தியாய் முதலியோரின் முயற்சியால் 1957-இல் காளஹஸ்தியில் அரசு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. முதுபெரும் கலைஞர்கள் இளைஞர்க்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மறுமலர்ச்சியில் வளர்ந்த ஜொன்னலகட்ட குருப்ப செட்டி அவர்களுக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழகத்திலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டை, அரியலூர் மாவட்டத்துக் கருப்பூர் முதலிய ஊர்களில் கோயில் விதானங்களும் தொம்பைகளும் எழுதும் மரபு இருக்கிறது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் இன்று கலம்காரி என்ற பெயரில் கடைகளில் குவிந்திருப்பவற்றுட் பல இயந்திரத்தால் அச்சடித்தவை. கையால் எழுதியதில் இரண்டு முகங்கள் ஒன்றுபோல் இரா. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். பின்புறமும் சாயம் ஊறியிருக்கும். வாங்குவோர் இவற்றைக் கவனித்தால் போதும்.

காலத்தின் கொடுமை நீலக் குதிரைகளையும் விட்டதில்லை. மார்க் முதல் உலகப் போரில் போர்வீரராகச் சென்று, 1916 மார்ச்சில் வெர்தன் அருகே தம் 36-ஆம் வயதில் மாண்டார். அவர் 1913-இல் எழுதிய நீலக் குதிரைகளின் கோபுரம் என்ற பெரும்படத்தை, நாஜி ஆட்சி 1937-இல் பறிமுதல் செய்து, இழிந்த கலை என்று பெயர் சூட்டி, இதே மியூனிக் நகரில் காட்சிக்கு வைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அப்படம் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஓவியத்தைப் படிக்க மறுத்தவர் கையில் ஓவியம் அழிகிறது. படிக்க மறந்தவர் வீட்டில் அது சுவருக்கு அலங்காரமாக வெளுத்துப் போகிறது. முன்னது பெருங்கொடுமை, பின்னது நம்மைப் போன்றவர்கள் அறியாமலே செய்வது.

மியூனிக் திரும்பிய அன்றே சட்டத்தைக் கழற்றினோம். பின்பலகையை எடுத்ததும், முதியவர் சொன்னபடியே, ஒரு சாண் அகலத்துக்குத் துணி உள்ளே மடிந்திருந்தது. மெல்லப் பிரித்தேன். மரத்தின் மறுபாதி வந்தது. அதன் பின்னே சிவகோசரியார் நின்றார். ஒரு கை மரத்தைப் பற்றியிருந்தது, மறு கை வியப்பால் வாய்மேல் இருந்தது, கண்கள் அகன்றிருந்தன. ஒளி படாத மடிப்பில் இத்தனை ஆண்டுகள் கிடந்ததால் மரத்தின் பூக்களில் மஞ்சள் அன்று எழுதியதுபோல் பளிச்சென்று இருந்தது. என் தாயார் வாங்கிய அன்று சீலை முழுவதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சட்டம் போட்ட கடைக்காரரை நான் நொந்துகொள்ளவில்லை. சட்டத்துக்குத் துணி பெரிதாக இருந்தது, அவர் மடித்தார். கதையின் சாட்சியையே மடித்துவிட்டோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்கவேண்டியவன் நான். பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரே மனிதரை மறைத்துவைத்துவிட்டு, இருபது ஆண்டுகள் அழகு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மகள் சீலையைத் தரையில் விரித்து, அருகே நீலக் குதிரையின் அஞ்சலட்டை ஒன்றையும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னது இன்னும் என் செவியில் இருக்கிறது: "அப்பா, மார்க் சிவப்பை நீலம் ஜெயிக்க வேண்டும் என்றார். பாட்டி சீலையில் நீலம் சிவப்பை ஜெயிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது."

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? இரண்டு ஓவியங்களையும் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்தாமல், அவ்வவற்றின் உள்ளத்தை அந்தக் குழந்தை சொல்லிவிட்டாள். பிறந்த மண்ணின் ஓவியத்தை அறிந்தால் புகுந்த மண்ணின் ஓவியமும் நன்றாக விளங்கும். இதை அறிந்து அதைத் தெளிவதும் உண்டு. அந்நிய நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இது பெரிய ஆறுதல்.

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களுள் சித்திரச் சீலையோ, தஞ்சாவூர்ப் படமோ, தாத்தா காலத்து இரவிவர்மா அச்சுப்படமோ இல்லாத வீடு அரிது. ஒரு விடுமுறை நாளில் அதைச் சுவரிலிருந்து இறக்குங்கள். தூசியைத் துடைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவையுங்கள். என்ன தெரிகிறது என்று அவர்களைக் கேளுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால் கவலையில்லை. தாயகத்தில் உள்ள பெரியவர்களுக்குத் தொலைபேசியில் பேசிக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். படிகாரம் எழுதிய இடத்தில்தான் சாயம் பற்றும் என்று காளஹஸ்தி முதியவர் சொன்னார். இளம் நெஞ்சில் இன்று நாம் எழுதும் கதை, தெளிந்த நீர்போல, இன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். என்றோ ஒரு நாள் வாழ்க்கை அவர்களைக் கொப்பரையில் இட்டுக் காய்ச்சும்போது அது சிவந்து தோன்றும்.

எங்கள் வீட்டில் சீலை இப்பொழுது வேறு சுவரில் இருக்கிறது. வெயில் அங்கே வருவதில்லை. சட்டமும் பெரியது, சிவகோசரியார் முழுதாகத் தெரிகிறார். வருகிற விருந்தினரை என் மகளே அதன் எதிரில் நிறுத்தி, "முதலில் வெள்ளையாக இருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்" என்கிறாள்.